நூறு ரூபாயில் அரிசிக்கு ஐந்து: இந்தியக் குடும்பச் செலவின் புதிய கணக்கு

இந்தியக் கிராமத்தில் வாழும் ஒருவரின் வாழ்க்கைச் செலவில் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 1999-2000 ஆம் ஆண்டில் 22 ரூபாய்க்குச் சற்று அதிகமாக அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கே போனது. 2011-12இல் அது 10 ரூபாய் 75 காசாகக் குறைந்தது. 2023-24இல் ஐந்து ரூபாயைக்கூட முழுதாக எட்டாமல் 4 ரூபாய் 99 காசில் வந்து நிற்கிறது. நகரத்தில் இந்தச் செலவு நான்கு ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. கால் நூற்றாண்டுக்குள் உழைக்கும் குடும்பங்களின் செலவுக் கணக்கு இந்த அளவுக்குப் புரண்டிருப்பது அண்மைக்கால இந்தியப் பொருளாதார வரலாற்றின் மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்று என்றாலும், அது வளர்ச்சியின் வெற்றிச் சான்று என்று ஒரு தரப்பினரும் வெறும் எண் விளையாட்டு என்று மற்றொரு தரப்பினரும் பேசி முடித்துவிடுவதால், அரிசியிலிருந்து விடுபட்ட பணம் உண்மையில் எங்கே போகிறது, அது குடும்பம் விரும்பிச் செய்யும் செலவா, வேறு வழியில்லாமல் செய்யும் செலவா என்ற அடிப்படைக் கேள்வி போதிய கவனம் பெறவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் முதன்மை ஆவணம் ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு ஆகும். பேராசிரியர் பி.சி. மகலனோபிஸின் முயற்சியால் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வழியில் வந்த இது, நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று, என்னென்ன பொருள் எவ்வளவு வாங்கப்பட்டது, என்ன விலை கொடுக்கப்பட்டது என்று பொருள்வாரியாகக் கேட்டுப் பதிவுசெய்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த சுற்றில் 2,61,746 வீடுகளும், அதற்கடுத்த ஆண்டின் சுற்றில் 2,61,953 வீடுகளும் இடம்பெற்றன. இவ்வாறு திரட்டிய செலவுகளைக் கூட்டி, வீட்டிலுள்ள தலைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மாதக் கணக்கில் சொல்வதே தலா மாத நுகர்வுச் செலவு எனப்படும். இந்தியாவில் வறுமை, ஏற்றத்தாழ்வு, விலைவாசி ஆகியவற்றைப் பற்றிய பெரும்பாலான விவாதங்கள் இந்த ஒற்றை அளவையே அச்சாகக் கொண்டு சுழல்கின்றன.

அந்த அளவின்படி 2011-12இல் கிராமத்தில் 1,430 ரூபாயாகவும் நகரத்தில் 2,630 ரூபாயாகவும் இருந்த தலா மாதச் செலவு, 2022-23இல் முறையே 3,773 ரூபாய், 6,459 ரூபாய் என்றும், 2023-24இல் 4,122 ரூபாய், 6,996 ரூபாய் என்றும் உயர்ந்துள்ளது. இந்த உயர்வின் பெரும்பகுதி விலைவாசி ஏற்றத்தால் வந்தது. 2011-12 ஆம் ஆண்டின் விலையிலேயே கணக்கிட்டால் 2023-24இல் கிராமத்துச் செலவு 2,079 ரூபாய், நகரத்துச் செலவு 3,632 ரூபாய். அதாவது பன்னிரண்டு ஆண்டுகளில் கிராமத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடும் நகரத்தில் 38 விழுக்காடும் உண்மையான உயர்வு. கிராமத்து மனிதரைவிட நகரத்து மனிதர் எவ்வளவு கூடுதலாகச் செலவிடுகிறார் என்ற இடைவெளியும் 84 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. ஆண்டுக்கு மூன்று விழுக்காடு அளவிலான இந்த முன்னேற்றம் உலகின் வேகமாக வளரும் பெரிய பொருளாதாரம் என்ற பெருமையோடு ஒப்பிடும்போது மிதமானதுதான், ஆனால் மெய்யானது.

எண்களை ஒப்பிடுமுன் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. புதிய கணக்கெடுப்பு பழையதைப் போல ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதில்லை. உணவுப் பொருள்கள், அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருள்கள் என மூன்று வினாப்பட்டியல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே வீட்டுக்கு மூன்று மாதங்களில் மூன்று முறை செல்கிறது. நீண்ட பட்டியலைக் கேட்டுச் சலித்துப்போகும் குடும்பத் தலைவி சில பொருள்களை விட்டுவிடுவது இதனால் குறையும் என்பதால், செலவு உயர்ந்ததாகத் தெரிவதில் ஒரு பகுதி அளக்கும் முறை மேம்பட்டதால் வந்ததாகவும் இருக்கலாம். காய்கறி, மீன், பலகாரம் போன்றவற்றுக்குக் கடந்த ஏழு நாள், தானியம், பால் போன்றவற்றுக்கு முப்பது நாள், துணிமணி, கல்விக் கட்டணம், பாத்திரபண்டம் போன்றவற்றுக்கு ஓராண்டு என நினைவூட்டுக் காலம் பொருளுக்கேற்ப மாறுவதும் விடையைப் பாதிக்கும். 1999-2000 சுற்றில் இந்தக் காலவரையறையைக் கலந்து கேட்டதால் வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்ததைப் பொருளியலாளர்கள் மறந்துவிடவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை இடையில் விழுந்த வெற்றிடம். 2017-18இல் நடத்தி முடிக்கப்பட்ட கணக்கெடுப்பின் முடிவுகளை, தரவுகளின் தரம் சரியில்லை என்று காரணம் கூறி 2019 நவம்பரில் அரசு வெளியிட மறுத்தது. அந்த முடிவுகள் ஒரு நாளிதழின் வழியாகக் கசிந்தபோது, 2011-12உடன் ஒப்பிடுகையில் கிராமத்துச் செலவு உண்மை மதிப்பில் 8.8 விழுக்காடு சரிந்திருந்ததாகத் தெரியவந்தது. பணமதிப்பு நீக்கமும் சரக்கு, சேவை வரியின் தொடக்கக் குழப்பமும் சாதாரண மக்களின் வாழ்க்கையில் என்ன செய்தன என்பதற்கு நம்பகமான நேரடிச் சான்றாக இருந்திருக்க வேண்டிய அந்த அறிக்கை இன்றுவரை பொதுவெளியில் இல்லை. நூற்று நாற்பது கோடி மக்களின் வாழ்க்கைத் தரத்தைக் காட்டும் எண்களைப் பதினொரு ஆண்டுகள் இல்லாமல் ஒரு நாடு நடத்தப்பட்டது என்பதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஏங்கெல் விதியும் ரேஷன் கடையும்

ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கெல் 1857இல் வகுத்த விதி ஒன்று, ஒரு குடும்பத்தின் வருமானம் உயர உயர அதன் மொத்தச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்கிறது; வயிற்றின் தேவைக்கு ஓர் எல்லை உண்டு, மற்ற தேவைகளுக்கு அத்தகைய எல்லை இல்லை என்பதே அதன் அடிப்படை. இந்தியக் கிராமத்தில் உணவின் பங்கு 1999-2000இல் 59.4 விழுக்காடாக இருந்து, 2011-12இல் 52.9 ஆகி, 2022-23இல் 46.4 விழுக்காடாக இறங்கியபோது, முதல் முறையாக உணவல்லாத செலவு பாதியைத் தாண்டிவிட்டது என்று கொண்டாடப்பட்டது. நகரத்தில் அது அதே காலத்தில் 48.1 விழுக்காட்டிலிருந்து 39.2 விழுக்காடாகக் குறைந்தது.

விதியைப் பொருத்திப் பார்த்து மகிழ்வதற்கு முன்னால், தானியச் செலவு ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். மக்கள் முன்பைவிடக் குறைவாகச் சோறும் ரொட்டியும் உண்கிறார்கள் என்பது உண்மைதான். 2011-12இல் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 11.2 கிலோவாக இருந்த தானிய நுகர்வு 2022-23இல் 9.6 கிலோவாகவும், நகரத்தில் 9.3 கிலோவிலிருந்து 8 கிலோவாகவும் குறைந்துள்ளது. உடலுழைப்பு குறைந்ததும், ஏற்றமும் உலக்கையும் போய் மோட்டாரும் ஆலையும் வந்ததும், பால், முட்டை, பழம் சேர்ந்ததும் இதற்குக் காரணங்கள். ஆனால் அளவில் ஏற்பட்ட குறைவு ஏழில் ஒரு பங்குதான். செலவில் தானியத்தின் பங்கோ பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. இடையிலுள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி மற்றச் செலவுகள் பெருத்ததால் வந்தது என்றாலும், மற்றொரு முக்கியப் பகுதியை விளக்குவது ரேஷன் கடை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏறத்தாழ 81 கோடிப் பேருக்கு மாதந்தோறும் தலா ஐந்து கிலோ தானியத்தை மிகக் குறைந்த விலையில் பெறும் உரிமையை வழங்கியது; 2023 ஜனவரி முதல் அந்தத் தானியம் முழுவதும் விலையின்றி வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டிலோ, வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரிக்காத பொது விநியோகத் திட்டத்தில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 ஜூன் முதல் இலவசமாகவே கிடைத்து வருகிறது.

இலவசமாகப் பெறும் பொருளுக்குக் குடும்பம் பணம் கொடுக்காததால் அது செலவாகப் பதிவாவதில்லை. அதற்கும் ஒரு விலை மதிப்பிட்டுச் சேர்த்துக் கணக்கிடும் மற்றொரு மதிப்பீட்டையும் அமைச்சகம் தருகிறது. அதன்படி 2022-23இல் கிராமத்துத் தலா செலவு 3,773 ரூபாய்க்குப் பதிலாக 3,860 ரூபாய். சராசரியில் 87 ரூபாய் என்பது சிறியதாகத் தோன்றினாலும், மாதம் 1,373 ரூபாயில், அதாவது நாளொன்றுக்கு 46 ரூபாயில், வாழ்ந்த கிராமத்துக் கடைசி ஐந்து விழுக்காட்டினருக்கு ஐந்து கிலோ அரிசியின் விலை எவ்வளவு பெரிய தொகை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே தானியச் செலவின் வீழ்ச்சியைத் தனிமனித வருமானம் உயர்ந்ததன் விளைவாக மட்டும் காண்பது பிழையாகும்; அது கணிசமான அளவுக்கு அரசு தன் தோளில் ஏற்றிக்கொண்ட செலவு. ஏழை வீட்டின் கையில் மற்றவற்றுக்குச் செலவிடப் பணம் மிஞ்சியதற்கு அந்தத் தோள் ஒரு முக்கியக் காரணம். இலவச அரிசியை வீண்செலவு என்று பழிப்போர் இந்த ஓர் உண்மையை எதிர்கொள்ளாமல் மேலே பேச முடியாது.

தானியத்துக்குச் செலவு குறைந்ததால் அதன் முக்கியத்துவம் குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிராமத்து மக்கள் உட்கொள்ளும் புரதத்தில் இன்றும் 46 விழுக்காட்டுக்கு மேல் தானியங்களிலிருந்தே வருகிறது. செலவில் இருபதில் ஒரு பங்கைப் பெறும் பொருள் புரதத்தில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது என்றால், மிச்சமுள்ள உணவுச் செலவு உடலுக்கு என்ன தருகிறது என்று கேட்டாக வேண்டும்.

பொட்டலத்துக்குள் போன பணம்

உணவுச் செலவுக்குள் இன்று முதலிடம் வகிப்பது பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்தப்பட்ட உணவு என்ற தொகுதி. டீ, காபி, குளிர்பானம், பிஸ்கட், சிப்ஸ், மிக்சர், இனிப்பு, கடையில் வாங்கும் பரோட்டா, பொட்டலச் சாப்பாடு எல்லாம் இதில் அடங்கும். 2011-12இல் கிராமத்தில் 7.9 விழுக்காடாக இருந்த இதன் பங்கு 2023-24இல் 9.84 விழுக்காடாகவும், நகரத்தில் 8.98இலிருந்து 11.09 விழுக்காடாகவும் உயர்ந்துள்ளது. இதை ரூபாயில் சொன்னால், கிராமத்து இந்தியர் ஒருவர் தானியத்துக்கு மாதம் ஏறத்தாழ 206 ரூபாயும் இந்தத் தொகுதிக்கு 406 ரூபாயும் செலவிடுகிறார். வயல்கள் சூழ்ந்த ஊரில் வாழும் மனிதர், அந்த வயல்களில் விளையும் அரிசிக்குக் கொடுப்பதைப்போல் இரு மடங்கைக் கடையில் தயாராகக் கிடைப்பதற்குக் கொடுக்கிறார்.

இந்த மாற்றத்தை நாக்கின் ஆசை என்று கடிந்துகொள்வது எளிது, ஆனால் அது நியாயமாகாது. விடியற்காலையில் கட்டட வேலைக்குப் பேருந்து ஏறும் தொழிலாளிக்கும், பின்னலாடை ஆலையில் ஷிப்டு முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண்ணுக்கும், சமைப்பதற்கான நேரமே மிகவும் அரிதான பொருள். சமையலின் சுமை இன்னும் முழுக்கப் பெண்ணின் மீதே இருக்கும் வீடுகளில், அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அந்த உழைப்பின் ஒரு பகுதியைத் தெருமுனைக் கடை விலைக்கு விற்கத் தொடங்குகிறது. முன்பு வீட்டுக்குள் கூலியில்லாமல் நடந்ததால் எந்தக் கணக்கிலும் ஏறாத வேலை, இப்போது உணவுச் செலவு என்று பதிவாகிறது. அந்த அளவில் இதை வரவேற்கலாம்.

அதன் மறுபக்கம் கவலை தருவது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலமே இந்தியக் கிராமச் சந்தையைத் திறந்த சாவி. பெரிய பாட்டிலில் மட்டும் விற்ற ஷாம்புவைக் கூலித் தொழிலாளியும் வாங்கும் வகையில் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறையைக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னெடுத்து அரை நூற்றாண்டு ஆகிறது. அதே உத்தியைப் பிஸ்கட்டும் சிப்ஸும் பின்பற்றியபோது, மாதச் சம்பளம் இல்லாத, அன்றாடம் கிடைப்பதை அன்றாடம் செலவழிக்கும் குடும்பமும் சந்தைக்குள் வந்தது. விலைவாசி ஏறும்போது பொட்டலத்தின் விலையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் எடையை மட்டும் குறைப்பது இத்துறையின் வழக்கமாகிவிட்டதால், ஏழைக் குடும்பம் ஒவ்வொரு கிராமுக்கும் முன்பைவிட அதிக விலை கொடுக்கிறது. உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்த இப்பண்டங்கள் வயிற்றை நிரப்பினாலும் உடலைப் பேணுவதில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் இரத்தசோகை இருந்தது. செலவு உயர்ந்த அதே காலத்தில் இரத்தசோகையும் உயர்ந்திருக்கிறது என்பது, உணவுக்குச் செலவழிக்கும் பணத்தைக் கொண்டு மட்டும் ஊட்டத்தை அளக்க முடியாது என்பதற்குப் போதிய சான்று. 2025 செப்டம்பரில் சரக்கு, சேவை வரி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் போன்றவற்றின் வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குடும்பச் செலவைக் குறைக்கும் நோக்கம் நல்லதே என்றாலும், ஊட்டம் தரும் பொருளையும் தராத பொருளையும் இந்தக் குறைப்பு பிரித்துப் பார்க்கவில்லை.

பால், பழம், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் பங்கு கிராமத்தில் ஓரளவு உயர்ந்திருப்பது ஆறுதலான செய்தி. குறிப்பாகப் பழத்தின் பங்கு உயர்ந்துள்ளது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது மட்டும் வாங்கப்பட்ட பொருள் அன்றாட உணவில் ஏறிவருகிறது.

வாசலைத் தாண்டினால் செலவு

உணவல்லாத செலவில் மிக வேகமாக வளர்ந்தது போக்குவரத்து. 2011-12இல் கிராமத்தில் 4.2 விழுக்காடாக இருந்தது 2023-24இல் 7.6 விழுக்காடாக உயர்ந்து, உணவல்லாத செலவுகளில் முதலிடத்தைப் பிடித்துள்ளது. நகரத்தில் அது 8.5 விழுக்காடு. தலைக்கு மாதம் 313 ரூபாய் என்றால் நால்வர் கொண்ட கிராமத்துக் குடும்பம் பெட்ரோலுக்கும் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் மட்டும் 1,250 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறது. அந்தக் குடும்பம் அரிசிக்கும் கோதுமைக்கும் கொடுக்கும் ஏறத்தாழ 825 ரூபாயைவிட இது ஒன்றரை மடங்கு.

இரு சக்கர வாகனம் வாங்குவதை வளமையின் அடையாளமாகக் காட்டுவது விளம்பரத்துக்குப் பொருந்தும். பொருளியல் ஆய்வுக்குப் பொருந்தாது. வேளாண்மை ஊரார் அனைவருக்கும் ஆண்டு முழுதும் வேலை தர முடியாமற்போன பிறகு, இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிறுநகரத்தில் வேலை தேடுவதே வழியாயிற்று. அங்கே போய்ச் சேரப் பேருந்து இல்லாத இடத்தில் வண்டி வாங்குவது ஆடம்பரமாகாது, அது கூலி சம்பாதிப்பதற்கான முதலீடு. உழைத்துப் பெறும் கூலியில் ஒரு பகுதி உழைக்கப் போவதற்கே செலவாகும் இந்நிலையில், அதை நுகர்வு உயர்வு என்று கூட்டிக்கொள்வது நலவாழ்வை மிகைப்படுத்திக் காட்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய வழிசெய்த திட்டத்தின் பொருளியல் முக்கியத்துவம் இங்கேதான் விளங்குகிறது; செலவுப் பட்டியலில் வேகமாக வளர்ந்த ஒன்றைப் பெண்களின் கணக்கிலிருந்து அது எடுத்துவிட்டது. இது போன்ற திட்டம் ஒரு குடும்பத்தின் பதிவான செலவைக் குறைத்து, அதன் வாழ்க்கையை உயர்த்துகிறது.

மருத்துவச் செலவும் இவ்வகையைச் சேர்ந்ததே. கிராமத்துச் செலவில் அது 2022-23இல் 7.1 விழுக்காடு, அதில் மூன்றில் இரண்டு பங்கு, மருத்துவமனையில் சேர்ந்து படுக்காமல் பெறும் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் ஆய்வகச் சோதனைக்கும் போகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கும் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பயன்படுபவை என்பதால், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாழ்நாள் முழுதும் மாத்திரை வாங்கும் குடும்பத்தின் அன்றாடச் சுமை அவற்றின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. கல்வியின் பங்கு மட்டும் கிராமத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 3.3 விழுக்காடாகச் சற்றே குறைய, வெற்றிலை பாக்கு, புகையிலை, மது ஆகியவற்றின் பங்கு 3.2இலிருந்து 3.8 விழுக்காடாக உயர்ந்துள்ளது. படிப்பைவிடப் போதைக்கு அதிகம் செலவிடும் மக்கள் என்று இதைக் கொண்டு தீர்ப்பெழுதுவது தவறு. அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கும் பிள்ளையின் கல்வி செலவுப் பட்டியலில் வராது, பள்ளி வயதுப் பிள்ளையே இல்லாத வீடுகளும் சராசரியில் சேர்கின்றன. எனினும் போதைக்கான செலவு பல வீடுகளில் குடும்பத் தலைவியின் கையிலிருந்து பிடுங்கப்படும் பணம் என்பதை எந்தச் சராசரியும் மறைத்துவிட முடியாது.

யாருடைய சராசரி?

சராசரி எவ்வளவு உண்மையைச் சொல்கிறதோ அவ்வளவு மறைக்கவும் செய்கிறது. 2022-23இல் கிராமத்துச் சராசரி 3,773 ரூபாய் என்றபோது பழங்குடியினரின் செலவு 3,016 ரூபாய், பட்டியல் சாதியினரின் செலவு 3,474 ரூபாய். சொந்தமாக வேளாண்மை செய்யும் குடும்பத்தின் செலவு 3,702 ரூபாய். 2011-12இல் ஊர்ச் சராசரியைவிடச் சற்றே மேலே இருந்த உழவர் குடும்பம் இப்போது அதற்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஊருக்குச் சோறு போடுகிறவர் ஊரின் சராசரி வாழ்க்கையைக்கூட வாழ முடியவில்லை என்ற இந்தச் சிறு எண், வேளாண் நெருக்கடி பற்றிய பல நூறு பக்க அறிக்கைகளைவிடக் கனமானது.

மாநிலங்களுக்கிடையிலான வேறுபாடும் பெரிது. அதே ஆண்டில் சத்தீஸ்கரின் கிராமங்களில் 2,466 ரூபாய், சிக்கிமின் கிராமங்களில் 7,731 ரூபாய். தமிழ்நாட்டில் கிராமம் 5,310 ரூபாய், நகரம் 7,630 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமத்தின் சராசரிச் செலவு பீகாரின் நகரச் சராசரியான 4,768 ரூபாயைவிட அதிகம். நாட்டளவில் 71 விழுக்காடாக இருந்த நகர, கிராம இடைவெளி தமிழ்நாட்டில் 44 விழுக்காடாக இருப்பதற்கு, ஒரே பெருநகரத்தில் குவியாமல் பல சிறுநகரங்களில் பரவிய தொழிலும், ஊர்தோறும் செல்லும் பேருந்தும், பொதுவான ரேஷனும், பள்ளிச் சத்துணவும் தலைமுறைகளாகச் சேர்ந்து உழைத்தது காரணம்.

மேல்தட்டைப் பற்றி இந்தக் கணக்கெடுப்பு சொல்வதை அப்படியே ஏற்பது கடினம். நகரத்து முதல் ஐந்து விழுக்காட்டினரின் தலா மாதச் செலவு 2022-23இல் 20,824 ரூபாயாக இருந்து, அடுத்த ஆண்டில் விலைவாசி ஏறியும் 20,310 ரூபாயாகக் குறைந்ததாக அது பதிவுசெய்கிறது. உயர் வருமானக் குடும்பங்கள் கணக்கெடுப்பாளருக்குக் கதவைத் திறப்பதில்லை, திறந்தாலும் முழுதும் சொல்வதில்லை என்பது உலகெங்கும் அறியப்பட்ட சிக்கல். தேசிய வருமானக் கணக்குகள் வேறு வழிகளில் மதிப்பிடும் மொத்தத் தனியார் நுகர்வில் ஏறத்தாழ பாதியைத்தான் இக்கணக்கெடுப்பு பிடிக்கிறது என்பதால், நுகர்வு ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது என்ற அறிவிப்பை அடித்தட்டின் உயர்வுக்கு நம்பலாம், மேல்தட்டின் தாழ்வுக்கு நம்ப முடியாது.

கணக்கெடுப்பின் கண்ணுக்குப் படாத மற்றொரு பெரிய செலவு கடன் தவணை. வாங்கிய கடனின் அசலும் வட்டியும் நுகர்வாகக் கருதப்படுவதில்லை என்ற வரையறை புள்ளியியலுக்குச் சரியானது. ஆனால் நுண்கடன் நிறுவனத்துக்கு வாரத் தவணையும், செல்பேசிக்கு மாதத் தவணையும், வங்கியில் வைத்த நகைக்கு வட்டியும் கட்டுகிற குடும்பத்துக்கு அதுவே மற்ற எல்லாச் செலவுகளையும் தீர்மானிப்பது. 2022-23இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வங்கி வைப்பு, காப்பீடு, பங்கு முதலியவற்றில் சேர்த்ததிலிருந்து புதிதாக வாங்கிய கடனைக் கழித்தால் மிஞ்சுவது, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்து விழுக்காடு அளவுக்கு இறங்கியது. பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் அது பதினொரு விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. உயர்ந்த செலவில் எவ்வளவு உயர்ந்த வருமானத்திலிருந்து வந்தது, எவ்வளவு கரைந்த சேமிப்பிலிருந்தும் கூடிய கடனிலிருந்தும் வந்தது என்ற கேள்வியை இந்த எண் எழுப்புகிறது.

மீண்டும் தலைதூக்கிய உணவுச் செலவு

2023-24இன் முடிவுகள் ஏங்கெல் விதியின் நேர்கோட்டை உடைத்தன. கிராமத்தில் உணவின் பங்கு 46.4 விழுக்காட்டிலிருந்து 47 விழுக்காடாகவும், நகரத்தில் 39.2இலிருந்து 39.7 விழுக்காடாகவும் திரும்ப ஏறியது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, பின் வெங்காயமும் பூண்டும் முறைவைத்து ஏறிய அந்த நிதியாண்டில் உணவுப் பொருள்களின் சராசரி விலையேற்றம் 7.5 விழுக்காடு, கிராமத்துச் செலவில் காய்கறியின் பங்கு மட்டும் 5.38 விழுக்காட்டிலிருந்து 6.03 விழுக்காடாகத் தாவியது. ஏழைக் குடும்பம் விலை ஏறினால் முதலில் பொருளைச் சுருக்கும், பிறகு மற்றச் செலவைச் சுருக்கும், உணவையே கைவிட அதனால் முடியாது.

இந்தச் சூழலில்தான் 2023-24ஆம் ஆண்டுக்கான பொருளாதார ஆய்வறிக்கை, வட்டி விகிதத்தை முடிவுசெய்யும்போது உணவு விலையை நீக்கிவிட்டுப் பணவீக்கத்தைக் கணக்கிடுவதைப் பரிசீலிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இரண்டு விழுக்காடு முன்பின்னாக, கட்டுப்படுத்தும் பொறுப்பு 2016 முதல் ரிசர்வ் வங்கியிடம் உள்ளது; மழை பொய்த்து ஏறும் தக்காளி விலையை வட்டியை உயர்த்திக் குறைக்க முடியாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் கிராமத்துக் குடும்பம் செலவிடும் நூறு ரூபாயில் 47 ரூபாயை விழுங்கும் பொருளை நீக்கிவிட்டு அளக்கப்படும் விலைவாசி, அந்தக் குடும்பம் அனுபவிக்கும் விலைவாசியாக இராது. வட்டியால் தீராத சிக்கலைக் குளிர்பதனக் கிடங்கு, உழவர் சந்தை, பருப்பு இருப்பு, உரிய நேரத்து இறக்குமதி ஆகியவற்றால் தீர்க்க வேண்டுமேயல்லாமல், அளவுகோலிலிருந்து அதை அகற்றித் தீர்க்கக் கூடாது.

செலவுக் கணக்கெடுப்புக்கும் விலைவாசிக் குறியீட்டுக்கும் உள்ள உறவு பொதுவில் அதிகம் பேசப்படுவதில்லை. எந்தப் பொருளுக்குக் குடும்பம் எவ்வளவு பங்கு செலவிடுகிறதோ அந்தப் பங்கே குறியீட்டில் அப்பொருளின் எடை. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 விழுக்காடாக இருந்தது 2011-12ஆம் ஆண்டின் செலவுப் பழக்கத்தைத் தழுவியதால்தான். தொழிலாளரின் ஊதியப் பேச்சு, வீட்டுக் கடன் வட்டி எல்லாமே விலைக் குறியீடுகளைச் சார்ந்திருக்கும்போது, 2017-18 முடிவுகளை மறைத்ததன் விலையை நாட்டின் ஒவ்வொரு குடும்பமும் பழைய எடைகளின் வழியாகப் பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. அரிசியும் கோதுமையும் குடும்பச் செலவில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்ட பிறகும் நாட்டின் உணவுப் பாதுகாப்பு அவ்விரண்டையே சுற்றி நிற்பது போதாது. தமிழ்நாட்டில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைப்பதைப்போல, பருப்பும் எண்ணெயும் சிறுதானியமும் நாடெங்கும் அந்தக் கடைக்கு வர வேண்டும், முட்டை பள்ளிதோறும் போக வேண்டும். மருத்துவக் காப்பீடு மாத்திரைச் செலவையும் சுமக்க வேண்டும். சிறுநகரங்களை ஊர்களோடு இணைக்கும் பேருந்துகள் பெருக வேண்டும். நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தவறாமல் நடத்தப்பட்டு, அதன் முடிவு ஆளும் கட்சிக்கு இனித்தாலும் கசந்தாலும் குறித்த நாளில் வெளியிடப்படும் என்பதைச் சட்டத்தால் உறுதிசெய்வது நாடாளுமன்றத்தின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது, அந்தக் கணக்கில் இடம்பெறும் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை.